ரஷ்யக் கிராமப்புற ரயோன்: கார்கோபோலை வைத்து ஒரு விளக்கம்

ரஷ்யாவின் வடக்குப் பகுதியைப் பற்றிய பயணக் குறிப்புகளில் ஓஷெவென்ஸ்க் என்ற பெயர் அடிக்கடி வரும். 15ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மடாலயம், 1787இல் கட்டிய மரத் தேவாலயம், கார்கோபோல் ஊருக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர். அரசின் முகவரிப் பதிவேட்டில் தேடினால் அங்கே கிடைப்பவை வேறு பெயர்கள்: போகொஸ்த், ஷிரியாயிஹா, நீஸ், கார், பெரிய ஹலூய், சின்ன ஹலூய். ஓஷெவென்ஸ்க் என்பது ஆற்றங்கரையில் ஒட்டி ஒட்டி நிற்கும் இந்த ஊர்க்கூட்டத்துக்கு மக்கள் வழங்கும் பொதுப்பெயர். 2006க்குப் பிறகு சில ஆண்டுகள் ஓஷெவென்ஸ்கொயே என்றொரு உள்ளாட்சியும் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

கிராமப்புற ரஷ்யாவைப் படிக்கத் தொடங்குகிறவர் முதலில் தடுமாறும் இடம் இதுதான். ஒரே நிலத்தின்மேல் மூன்று அடுக்குகள் கிடக்கின்றன. மக்கள் பேச்சில் உள்ள ஊர் ஒன்று, நிர்வாகப் பிரிவினையில் உள்ள ஊர் இன்னொன்று, உள்ளாட்சிக் கணக்கில் உள்ள ஊர் மற்றொன்று. எந்த அடுக்கைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பெயரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ரயோன் என்பதைத் தமிழில் 'மாவட்டம்' என்று எழுதிவிடுகிறோம். நாட்டையே எட்டாகப் பிரிக்கும் 'கூட்டாட்சி ஒக்ருக்'கையும் மாவட்டம் என்கிறோம். மாஸ்கோ மாநகரத்துக்குள் உள்ள சிறு பகுதியின் பெயரும் ரயோன்தான். அளவில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்றுக்கும் ஒரே சொல். அதனால் இங்கே ரயோன், ஒக்ருக், ஓப்லாஸ்து என்று ரஷ்யச் சொற்களையே வைத்துக்கொள்கிறேன். ஓப்லாஸ்து என்பது மாகாணம் போன்றது. ரயோன் அதன் கீழே வரும் பிரிவு.

நீர் போன வழியில் ஊர்

கார்கோபோல் ரயோன் ஆர்ஹாங்கெல்ஸ்க் ஓப்லாஸ்தின் தென்மேற்கு மூலை. பரப்பு ஏறத்தாழ 10,100 சதுர கிலோமீட்டர். மேற்கே கரேலியக் குடியரசின் பூதோஜ், தெற்கே வோலக்தா ஓப்லாஸ்து, கிழக்கே நியாந்தோமா, வடக்கே பிளெசெத்ஸ்க். இவ்வளவு பெரிய இடத்தில் நகரம் என்று சொல்ல ஒன்றே ஒன்று, கார்கோபோல். 2010 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகையே பத்தாயிரத்தைச் சற்றுத் தாண்டியதுதான்.

வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது சாலையை அல்ல, நீரை. வோலக்தா பக்கத்து வோஜெ ஏரியிலிருந்து ஸ்வித் ஆறு கிளம்பி லாச்சா ஏரியில் விழுகிறது. லாச்சாவிலிருந்து ஒனேகா ஆறு புறப்பட்டு 416 கிலோமீட்டர் ஓடி வெண்கடலில் சேர்கிறது. கார்கோபோல் நகரம் அந்த ஆறு ஏரியை விட்டு வெளியேறியதும் வரும் இடத்தில், இடது கரையில் இருக்கிறது. இங்கே ஒரு பொறி உண்டு: ஒனேகா ஆற்றுக்கும் புகழ்பெற்ற ஒனேகா ஏரிக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பில்லை. ஏரி கரேலியா பக்கம், அதன் நீர் பால்டிக் கடலுக்குப் போகிறது. ஆறு வடக்கே போகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள நீர்ப்பிரிமேடு ரயோனின் மேற்கு ஓரத்தில்தான்.

லாச்சாவின் சராசரி ஆழம் ஒன்றரை மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஓரங்களில் நாணல், அதைச் சுற்றிச் சதுப்பு. மழையும் பனிநீரும் வடிய வழியில்லாத இந்த நிலத்தில் வீடு கட்டவும் பார்லி விதைக்கவும் தோதான காய்ந்த மண் ஆற்றங்கரை மேட்டிலும் ஏரிக்கரையிலும்தான் கிடைத்தது. வெள்ளம் வந்து போகும் தாழ்வான புல்வெளியில் மாட்டுக்கு உலர்புல், ஆற்றில் மீன். ஆகவே ஊர்கள் தனித்தனியாகச் சிதறாமல் கொத்துக் கொத்தாக அமைந்தன. ஒரு கொத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து இருபது கிலோமீட்டர் காடும் சதுப்பும். ரஷ்யர்கள் இதைக் 'குஸ்த்' என்கிறார்கள். புதர் என்று பொருள். ஓஷெவென்ஸ்க் அப்படி ஒரு புதர். லியாதினி இன்னொன்று. மேற்கே லெக்ஷ்மாஸெரோ என்று எல்லோரும் அழைக்கும் ஊரின் பதிவுப்பெயர் மர்ஷீஹின்ஸ்காயா.

நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறை இருப்பதால் சில ஆறுகள் வழியிலேயே பூமிக்குள் இறங்கிவிடும். ஹலூய் என்ற ஊர்ப்பெயரே அப்படி நீர் மறையும் இடத்தைக் குறிப்பது. பார்க்க அழகுதான். அதன் பக்கத்தில் சாலை போடுகிற பொறியாளருக்கு மட்டும் தலைவலி.

ஊரின் வகைப்பெயரையும் கவனிக்க வேண்டும். செலோ என்றால் முன்பு தேவாலயம் இருந்த பெரிய ஊர். திரெவ்னியா என்றால் தேவாலயம் இல்லாத சிறு ஊர். இந்த வேறுபாடு இன்று வெறும் மரபுதான், ஆனால் முகவரியில் அந்த வகையைக் குறிக்கும் எழுத்து மாறினால் கணினி ஊரைக் கண்டுபிடிக்காது. பசியோலக் என்பது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் மரம் வெட்டுவதற்காகவோ ரயில்பாதைக்காகவோ அரசு கட்டிய குடியிருப்பு. அதற்கு ஆற்றங்கரை தேவைப்படவில்லை, வேலை இருந்தால் போதும். வெட்டும் வேலை நின்றதும் பசியோலக்குகள் பழைய திரெவ்னியாக்களைவிட வேகமாகக் காலியாவதற்குக் காரணம் இதுதான்: அந்த இடத்தில் ஊர் இருக்க வேறு காரணமே இல்லை.

காலி என்பதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 2010 கணக்கெடுப்பின்படி ரஷ்யாவில் 1,53,124 கிராமப்புற ஊர்கள், அவற்றில் 19,416இல் ஒருவர்கூட இல்லை. ஆனால் கணக்கில் வருவது நிரந்தரமாக வசிப்பவர்கள் மட்டும். கோடையில் நகரத்திலிருந்து வந்து உருளைக்கிழங்கு நட்டு, அறுவடை முடிந்ததும் திரும்புகிறவர்கள் அதில் இல்லை. 'மக்கள்தொகை 0' என்று காட்டும் ஊரில் ஜூலை மாதம் ஐந்து புகைபோக்கி புகைவது சாதாரணம். ஆள் இல்லை என்பதற்காக ஊர்ப்பெயர் பதிவேட்டிலிருந்து தானாக உதிர்ந்துவிடாது. அதை நீக்க ஓப்லாஸ்து தனியாக முடிவெடுக்க வேண்டும்.

எல்லைகள் எப்படி வந்தன

பேரரசுக் காலத்தில் கார்கோபோல், ஒலோனெத்ஸ் மாகாணத்தின் ஓர் உயெஸ்த், அதாவது மாகாணத்தின் கீழ்ப் பிரிவு. சோவியத் அரசு 1920களில் உயெஸ்துகளையும் அவற்றின் கீழிருந்த வோலஸ்துகளையும் கலைத்து, ரயோன்களையும் அவற்றுக்கடியில் செல்சோவியத் எனப்படும் கிராம சோவியத்துகளையும் வைத்தது. கார்கோபோல் ரயோன் பிறந்தது 1929இல், வடக்குப் பிரதேசம் உருவானபோது. 1937இல் ஆர்ஹாங்கெல்ஸ்க் ஓப்லாஸ்தும் வோலக்தா ஓப்லாஸ்தும் பிரிந்தபோது இது ஆர்ஹாங்கெல்ஸ்க் பக்கம் நின்றது.

சோவியத் ஒன்றியம் போனபிறகு இரண்டாவது அடுக்கு ஒன்று வந்து சேர்ந்தது. 2003 அக்டோபர் 6இல் கையெழுத்தான 131ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம், நிர்வாகப் பிரிவினையிலிருந்து தனியாக உள்ளாட்சி என்ற ஏற்பாட்டைச் செய்தது. கிராமப்புறத்தில் அது இரண்டு படி: மேலே 'முனிசிபல் ரயோன்', கீழே நகரக் குடியிருப்பும் கிராமக் குடியிருப்புகளும். இரண்டுக்கும் தனி மன்றம், தனி தலைவர், தனி பட்ஜெட். பழைய செல்சோவியத்துகள் மறையவில்லை. நிர்வாக அடுக்கில் அவை அப்படியே கிடந்தன. இரண்டு எல்லைகளும் பொருந்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

2019 மே 1இன் 87ஆம் எண் சட்டம் 'முனிசிபல் ஒக்ருக்' என்ற புது வடிவத்தைக் கொண்டுவந்தது. இதில் கீழ்ப்படி கிடையாது. கார்கோபோல் 2020இல் அதற்கு மாறியது. ஓஷெவென்ஸ்கொயே, பெச்னிகோவ்ஸ்கொயே, பாவ்லோவ்ஸ்கொயே, உஹோத்ஸ்கொயே போன்ற கிராமக் குடியிருப்புகளின் மன்றங்கள் கலைந்து, ஒரே மன்றம், ஒரே தலைவர், ஒரே பட்ஜெட் ஆயிற்று. 2025 மார்ச் 20இன் 33ஆம் எண் சட்டம் உள்ளாட்சி விதிகளை மறுபடி எழுதியிருக்கிறது. இரட்டைப் படியை வைத்திருப்பதா ஒற்றைப் படிக்குப் போவதா என்பதை அந்தந்தப் பிராந்தியம் தீர்மானிக்கலாம். எனவே ஓப்லாஸ்துக்கு ஓப்லாஸ்து வேறுபாடு தொடரும். ஒன்றைப் படித்துவிட்டு ரஷ்யா முழுக்க இப்படித்தான் என்று எழுதிவிட வேண்டாம்.

கவனிக்க வேண்டியது: ஒக்ருக் வந்ததால் 'கார்கோபோல் ரயோன்' ஒழிந்துவிடவில்லை. அது நிர்வாகப் பிரிவினையில் இருக்கிறது. உள்ளாட்சியின் பெயர் 'கார்கோபோல் முனிசிபல் ஒக்ருக்'. எல்லை ஒன்று, பெயர் இரண்டு.

தலைவர் கையில் என்ன இருக்கிறது

ரயோன் தலைவரை எல்லா அதிகாரமும் உள்ள ஆட்சியராகக் கற்பனை செய்துகொள்வது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. அவர் கையில் பள்ளி, மழலையர் பள்ளி, நூலகம், பண்பாட்டு மன்றம், உள்ளூர்ச் சாலை, தெருவிளக்கு, குடிநீர் ஏற்பாடு, முகவரி வழங்குதல் உண்டு. காவல்துறை, வழக்குரைஞர் அலுவலகம், நீதிமன்றம், ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகம், வரித்துறை, கருவூலம் எல்லாம் அதே தெருவில் இருந்தாலும் அவருக்குக் கீழ் இல்லை. மருத்துவமனையும் கிராமத்து மருத்துவ உதவியாளர் நிலையமான 'ஃபாப்'பும் ஓப்லாஸ்தின் பொறுப்பு. ஃபாபில் ஆள் இல்லையே என்று ரயோன் அலுவலகத்தில் மனு கொடுத்தால், 'உரிய துறைக்கு அனுப்பப்பட்டது' என்ற பதில்தான் வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் காடு. வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதில் பெரும்பகுதி 'வன நிதி நிலம்'. 2006 வனச் சட்டத்தொகுப்பின்படி அது கூட்டாட்சிச் சொத்து, மேலாண்மை ஓப்லாஸ்திடம். தன் ரயோனில் நிற்கும் ஒரு பைன் மரத்தை வெட்டிக்கொள்ளச் சொல்ல ரயோன் தலைவரால் முடியாது. வீடு கட்ட மரமோ விறகோ வேண்டுமென்றால் வனச்சரக அலுவலகத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். தானாக விழுந்து காய்ந்த மரத்தை மட்டும் 2019 ஜனவரி 1 முதல் ஒப்பந்தமின்றி இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். வேரோடு நிற்கும் பட்டமரம் இதில் சேராது. அது காய்ந்ததுதானே என்று வெட்டி வழக்கில் மாட்டுகிறவர்கள் உண்டு.

தலைவரைத் தேர்ந்தெடுக்க மூன்று வழிகள் இருந்தன: நேரடி வாக்கு, மன்ற உறுப்பினர்களில் ஒருவர், அல்லது போட்டிக் குழு பரிந்துரைக்கும் வேட்பாளர்களிலிருந்து மன்றம் தேர்வது. மூன்றாவது வழி 2015இல் வந்தது, வேகமாகப் பரவியது. ரயோன் அளவில் அந்தக் குழுவில் பாதிப்பேரை மன்றமும் பாதிப்பேரை ஆளுநரும் நியமிப்பார்கள். தலைவர் யார் முகத்தைப் பார்த்து நடப்பார் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

ஊர் அளவில் இன்று மிஞ்சியிருப்பவர் ஸ்தாரஸ்தா. 2018 ஏப்ரல் சட்டம் இவரை முறைப்படுத்தியது. ஊர்க்கூட்டம் பெயரைச் சொல்லும், மன்றம் நியமிக்கும், காலம் 2 முதல் 5 ஆண்டு. சம்பளமில்லை, முத்திரையில்லை, அரசுப் பதவியும் இல்லை. விளக்கு எரியவில்லை, கிணற்று மூடி உடைந்துவிட்டது என்று போன் செய்கிறவர் அவர்தான். இரட்டைப் படி கலைந்த இடங்களில் அவருடைய பயன் கூடியிருக்கிறது. ஏனென்றால் மையத்தில் இருக்கும் அலுவலருக்கு எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் எந்தக் கம்பத்தில் பல்ப் போனது என்று தெரிய வேறு வழியில்லை.

நூறு ரூபிள் கணக்கு

ஒரு கிராமக் குடியிருப்பில் வேலை செய்பவரிடம் 100 ரூபிள் வருமான வரி பிடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்ஜெட் சட்டத்தொகுப்பின் அடிப்படை விகிதப்படி, இரட்டைப் படி ஏற்பாட்டில் 2 ரூபிள் கிராமக் குடியிருப்புக்கு, 13 ரூபிள் ரயோனுக்கு, மீதி 85 ஓப்லாஸ்துக்கு. ஒற்றைப் படி ஒக்ருக்கில் 15 ரூபிள் ஒக்ருக்குக்கு, 85 ஓப்லாஸ்துக்கு. கூட்டிப் பார்த்தால் உள்ளூரில் நிற்கும் தொகை மாறவே இல்லை. மாறியது பை எத்தனை என்பதுதான். மேலதிக விகிதம் கொடுக்க ஓப்லாஸ்துக்கு உரிமை உண்டு, அதனால் உண்மைக் கணக்கு இடத்துக்கு இடம் கொஞ்சம் நகரும்.

இதில் ஒரு நுணுக்கம். வருமான வரி, ஆள் வசிக்கும் ஊருக்குப் போவதில்லை. சம்பளம் கொடுக்கும் நிறுவனமோ அதன் கிளையோ பதிவாகியிருக்கும் ஊருக்குப் போகிறது. காட்டுக்குள் மரம் வெட்டும் கம்பெனி பெருநகரத்தில் பதிவு செய்துகொண்டு, உள்ளூரில் கிளையைப் பதியாமல் ஆளை வைத்திருந்தால், சாலை கெடுவது இங்கே, வரி சேருவது அங்கே. உள்ளூர் நிர்வாகங்கள் கிளைப் பதிவை விடாமல் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

நிலவரியும் தனிநபர் சொத்து வரியும் முழுக்க உள்ளாட்சிக்கே. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குடியிருக்கும் வீட்டுக்கு அடிப்படை விகிதம் மதிப்பில் 0.1 சதவீதம், பழைய மரவீட்டின் மதிப்போ சொற்பம். ஓய்வூதியர்களுக்கு ஒரு வீட்டுக்கு வரி விலக்கு, நிலத்தில் 600 சதுர மீட்டருக்குக் கழிவு. ஓய்வூதியர்களே நிறைந்த ஊரில் வசூலாவது எவ்வளவு என்று கணக்குப் போடத் தேவையில்லை. கிராமப்புற பட்ஜெட்டுகள் ஓப்லாஸ்து மானியத்தில் ஓடுவதற்குக் காரணம் சோம்பல் அல்ல, இந்த அமைப்பு.

ஊரார் தாமே பணம் போடவும் சட்டத்தில் வழியுண்டு. ஊர்க்கூட்டமோ உள்ளூர் வாக்கெடுப்போ தீர்மானித்தால் தலைக்கு ஒரே தொகையாக ஒருமுறை வசூல். சலுகை பெறுவோர் 30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, எதற்குச் செலவு என்பதையும் முன்பே சொல்ல வேண்டும். தத்தாரிஸ்தானில் இது நன்றாக ஓடுகிறது. மக்கள் போடும் ஒவ்வொரு ரூபிளுக்கும் குடியரசு நான்கு ரூபிள் சேர்க்கிறது.

காகிதத்தில் எங்கே சிக்கும்

முகவரிப் பதிவேட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வரிசைகள் உண்டு. நிர்வாகப் பிரிவினைப்படி ஒன்று: ஓப்லாஸ்து, ரயோன், ஊர். உள்ளாட்சிப்படி ஒன்று: ஓப்லாஸ்து, முனிசிபல் ஒக்ருக், ஊர். இரண்டும் சரிதான். இரண்டையும் கலந்து எழுதுவதுதான் தவறு. போகொஸ்த், கரா போன்ற பெயர்கள் வடக்கு முழுக்கக் கொட்டிக் கிடக்கின்றன, ஒரே ரயோனுக்குள்ளும் இரண்டு மூன்று இருக்கலாம். அடைப்புக்குறிக்குள் வரும் செல்சோவியத்தின் பெயர்தான் அவற்றைப் பிரித்துக் காட்டும். தேவையில்லாத சோவியத் மிச்சம் என்று அதை விட்டுவிட்டால் கடிதம் வேறு போகொஸ்துக்குப் போகும். ஆறு இலக்க அஞ்சல் எண்ணைச் சரியாகப் போடுவது இன்னும் பாதுகாப்பு. கார்கோபோல் நகரத்துக்கு 164110.

வரி கட்டும்போது வேறு குறியீடு. ஒக்த்மோ என்ற உள்ளாட்சி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிராந்தியம், ஆர்ஹாங்கெல்ஸ்குக்கு 11. மூன்றாவது இலக்கம் உள்ளாட்சி வகை: முனிசிபல் ரயோனுக்கு 6, நகர ஒக்ருக்குக்கு 7, முனிசிபல் ஒக்ருக்குக்கு 5. கார்கோபோல் முனிசிபல் ரயோனாக இருந்தபோது 11618 என்று தொடங்கியது. வடிவம் மாறினால் எண்ணும் மாறும். பழைய படிவத்தை நகலெடுத்துக் கட்டணம் செலுத்தினால் பணம் கருவூலத்தில் 'தெளிவுபடாத வரவு' என்று நின்றுவிடும், எழுதிக் கேட்டுத்தான் நகர்த்த வேண்டும்.

கிராமத்து ஆவணங்களில் மிகவும் மதிப்புள்ளது 'பொஹொஸ்யாய்ஸ்த்வென்னயா க்னீகா' என்ற குடும்பப் பதிவேடு. வீட்டில் யார் யார், எத்தனை மாடு, எவ்வளவு நிலம் என்று உள்ளாட்சி ஆண்டாண்டாக எழுதி வந்த பேரேடு. 2001க்கு முன் கொடுத்த வீட்டு நிலத்துக்கு வேறு காகிதமே இல்லாதபோது, இதிலிருந்து எடுக்கும் சான்றை வைத்து உரிமையைப் பதியலாம். சிக்கல் எங்கே வரும்? பேரேட்டில் நிலம் 'சோத்கா'வில் இருக்கும். ஒரு சோத்கா 100 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். அன்று கயிறு பிடித்துக் குத்துமதிப்பாக எழுதிய 15 சோத்கா, இன்று கருவியால் அளந்தால் 19 வரும். வேலி பழையது, பேரேடு பழையது, இரண்டும் ஒத்துப்போகாது. குடும்பத் தலைவர் பெயரில் எழுத்துப்பிழை, தெருவுக்குப் பெயரே இல்லாத காலத்து முகவரி ஆகியவை அடுத்த தடங்கல்கள். கிராமக் குடியிருப்புகள் கலைந்தபோது இந்தப் பேரேடுகள் ஒக்ருக்கின் உள்ளூர்ப் பிரிவுக்கோ காப்பகத்துக்கோ போயின. எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது.

நோட்டரி இல்லாத ஊரில் உள்ளாட்சியின் அதிகாரம் பெற்ற அலுவலரே சில வகை அதிகாரப் பத்திரங்களுக்குச் சான்றொப்பம் இடலாம் என்பது பலருக்குத் தெரியாது. நகரத்துக்கு அலையும் ஒரு நாள் மிச்சம்.

கடைசியாகச் சாலை. ஏப்ரல் மே மாதங்களில் பனி உருகி மண் இளகும்போது கனரக வண்டிகளுக்கு எடைக் கட்டுப்பாடு வரும். கடைச் சரக்கும் விறகும் அதற்கு முன்பே வந்து சேர வேண்டும். ரயிலைப் பிடிக்கக் கிழக்கே 80 கிலோமீட்டர், நியாந்தோமா வரை சாலையில்தான் போக வேண்டும். சாலை கெட்டால் யாரிடம் கேட்பது என்பது எண்ணைப் பொறுத்தது: கார்கோபோல் வழியாகப் போகும் ஏ-215 கூட்டாட்சியுடையது, ஊர்க்கொத்துகளை இணைப்பவற்றில் பெரும்பாலானவை ஓப்லாஸ்துடையவை, ஊருக்குள் இருப்பது ஒக்ருக்குடையது, காட்டுக்குள் மரக் கம்பெனி போட்டது யாருடையதும் அல்லாததுபோல் கிடக்கும். குளிர்காலத்தில் ஓப்லாஸ்து ஒப்பந்ததாரரின் பனி வாரும் வண்டி ஊர் எல்லையில், தன் ஒப்பந்தம் முடியும் கம்பத்தருகே திரும்பிவிடும். அங்கிருந்து உள்ளே தெருவை வாருவது ஒக்ருக் அமர்த்தும் வேறொரு டிராக்டரின் வேலை. அது ஒரு நாள் கழித்தும் வரலாம். ஆம்புலன்சைக் கூப்பிடுகிறவர்கள் வண்டியைக் கம்பம் வரை வரச் சொல்லிவிட்டு, நோயாளியைச் சறுக்குவண்டியில் இழுத்துப் போவது அந்த ஒரு நாளில்தான்.